ஒரு நாய்க்குத் தாய்வீடு

(தாமலில் நடந்த கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்தக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், பதிவேடு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு நான் நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. இதுவும் கடன் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

போன மாதம் ஒரு குழுவில் ஒரு உறுப்பினர் கடன் கேட்டிருந்தாங்க. எதற்கு? ஜாதி நாய் ஒரு ஜோடி வாங்கி, குட்டி போட வைத்து விற்பதற்கு. "ஒரு குட்டி பத்தாயிரத்துக்குப் போகுதாம் மேடம். வருஷத்துக்கு ரெண்டு தடவை போடுமாம். மாட்டை விட லாபம்" என்று சொன்னாங்க. அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர் இல்லை. தறி வேலையும் முன்ன மாதிரி இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறாங்க. நாலு காசு வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்திருக்காங்க. குழுவில் பாதிப்பேர் கொடுக்கலாம் என்றாங்க, பாதிப்பேர் வேண்டாம் என்றாங்க. தீர்மானப் புத்தகத்தில் எழுத முடியாமல் கூட்டமைப்புக்கு அனுப்பிட்டாங்க.

அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், நம்ம உறுப்பினர் ஒருத்தர் வீட்டில் போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.

வெள்ளச்சி வந்த கதை

அந்த அக்கா மூன்று வருஷமாக ஒரு நாய்ப் பண்ணைக்குக் கூட்டிப் பெருக்கப் போய்க்கொண்டு இருந்தாங்க. பண்ணை என்றால் பெரிசா நினைக்காதீங்க. தகர ஷீட் போட்ட கொட்டகை, சிமெண்ட் தரை, கம்பி அடைத்த ஏழெட்டுக் கூண்டு. அவ்வளவுதான். ஒரு முறை பார்வோ என்ற ரத்த பேதி நோய் வந்து, குட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகச் செத்துப் போச்சு. முதலாளிக்கு நஷ்டம். கொட்டகையை மூடிட்டார். தேறின நாய்களை ஒரு வியாபாரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஒரு பெட்டை லாப்ரடார் மட்டும் யாருக்கும் வேண்டாம் என்று நின்றுவிட்டது. "ஹைவேஸ் பக்கம் கொண்டு போய் விட்டுடு" என்று அக்காவிடம் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

நம்ம ஊர் நெடுஞ்சாலை உங்களுக்குத் தெரியும். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற லாரி ராத்திரி பகல் ஓயாது. அங்கே விட்டால் ஒரு நாள் தாங்காது. அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துட்டாங்க.

நான் மறுநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளை கலந்த மஞ்சள் நிறம். விலா எலும்பை எண்ணலாம். சிமெண்டில் படுத்துப் படுத்து முழங்கையில் தோல் காய்த்துப் புண்ணாகி இருந்தது. நகம் வளர்ந்து வளைந்து இருந்ததால் பாதத்தை ஊன்றி நடக்க முடியவில்லை. காது முழுக்க உண்ணி. மடி தொங்கிக் கட்டி கட்டியாக இருந்தது. வெயிலில் கொண்டு வந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவர் ஓரம் ஒண்டிக்கொண்டது. புல் தரையில் கால் வைக்கப் பயப்பட்டது. நாய் புல்லைப் பார்த்துப் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கால்நடை மருந்தகத்தில் டாக்டர் பல்லைப் பார்த்து ஆறு வயது இருக்கும் என்றார். எடை 17 கிலோ. வளர்ந்த பெட்டை லாப்ரடார் 25 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். "எத்தனை ஈத்து?" என்று கேட்டார். அக்கா விரல் விட்டு எண்ணினாங்க. தான் வேலைக்குப் போன மூன்று வருஷத்தில் மட்டும் ஆறு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. நாய் சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். அப்புறம் ஒன்றரை, இரண்டு மாதம் பால் கொடுக்கணும். ஒவ்வொரு பருவத்துக்கும் சேர்த்தால், அந்த உடம்பு தேறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம்தான் கிடைக்கும். நமக்குக் கிராம சுகாதார செவிலியர் என்ன சொல்றாங்க? முதல் பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் மூன்று வருஷமாவது இடைவெளி விடுங்க, இல்லை என்றால் தாய்க்கு ரத்தம் இருக்காது என்று சொல்றாங்க. அந்த நியாயம் வாயில்லாத ஜீவனுக்கும் உண்டு இல்லையா?

அக்கா அதற்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தாங்க. கொட்டகையில் அதற்குப் பெயரே கிடையாது. மூணாம் நம்பர் கூண்டு, அவ்வளவுதான்.

வைத்துக்கொள்வது வேற, பார்த்து அனுப்புவது வேற

அக்கா வீட்டில் இரண்டு நாளில் சண்டை. மாமியார், "இன்னாம்மா இது, நமக்கே சோறு பத்தல, இதுக்கு வேற ஆக்கிப் போடணுமா?" என்று கேட்டாங்க. அவங்க கேட்டது தப்பில்லை. வீட்டுக்குள்ளே தறி இருக்கு. பட்டில் நாய் முடி ஒட்டினால் சேலை கெட்டுடும். பக்கத்து வீட்டில் சின்னக் குழந்தை இருக்கு. கடித்துவிட்டால் யார் பொறுப்பு?

அப்போது குழுக் கூட்டத்தில் ஒரு வழி பேசினோம். எப்பவும் வைத்துக்கொள்ள வேண்டாம். உடம்பு தேறுகிற வரைக்கும் மட்டும் வைத்துப் பார்த்து, நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவிடலாம். இதை ஃபாஸ்டர் என்பாங்க. நமக்கு இது புதிசு இல்லை. கட்டிக்கொடுத்த பெண் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள். பத்தியம் போட்டு, எண்ணெய் தேய்த்து, உடம்பைத் தேற்றி அனுப்புகிறோம். எப்பவும் வைத்துக்கொள்வதற்காகக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அனுப்புவதற்காகவே கூட்டிக்கொண்டு வருகிறோம். தாய்வீடு என்றால் அதுதான். மாமியார் அதைக் கேட்டதும், "மூணு மாசம்னா இருக்கட்டும்" என்று சொல்லிட்டாங்க.

மூன்று கட்டுப்பாடு வைத்தோம். நாய் தறி அறைக்குள்ளே வரக் கூடாது. தடுப்பூசி போட்டு டாக்டர் சொல்கிற வரைக்கும் தெரு நாயோடும் குழந்தைகளோடும் விடக் கூடாது. செலவை ஒருத்தர் தலையில் போடாமல், இஷ்டப்பட்டவங்க கொடுப்பது. அதைத் தனி நோட்டில் எழுதுவது. குழு நிதியிலிருந்து ஒரு ரூபாய் எடுக்கவில்லை. சேமிப்பு வேற, தர்மம் வேற.

எப்படித் தேற்றினாங்க?

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நாளைக்கு உங்க வீட்டு வாசலிலும் ஒரு ஜீவன் வந்து நிற்கலாம்.

முதல் சில நாள் யாரும் அதைத் தொடவில்லை. பின்பக்கத் தாழ்வாரத்தில் கோணிப்பை விரித்து, தண்ணீர் வைத்து, அமைதியாக விட்டுட்டாங்க. பயந்த நாயைக் கொஞ்சுவதற்குக் கிட்டே போகக் கூடாது. பயத்தில்தான் கடிக்கும். கண்ணை முறைத்துப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து அக்கா தன் வேலையைப் பார்த்தாங்க. நாலாவது நாள் அதுவே வந்து முந்தானையை மோந்து பார்த்தது.

பட்டினி கிடந்த நாய்க்கு ஒரே நேரத்தில் நிறையப் போடக் கூடாது. குடல் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை போட்டாங்க. குழைய வடித்த சோறு, வேகவைத்த முட்டை, கேழ்வரகுக் கூழ், மோர். வாரத்தில் இரண்டு நாள் எலும்பில்லாத கோழிக்கறி. வெந்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும், போடாதீங்க. வெங்காயம் போட்ட குழம்பு, சாக்லேட், திராட்சை இதெல்லாம் நாய்க்கு விஷம். மிச்சம் மீதியைக் கொட்டும்போது இதை நினைவில் வையுங்க.

டாக்டர் குடற்புழு மருந்து கொடுத்தார். உண்ணிக்கு மருந்து, உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை. உடம்பு கொஞ்சம் ஏறின பிறகு வெறிநோய்த் தடுப்பூசியும் மற்ற தடுப்பூசியும் போட்டார். இரண்டு மாதம் கழித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். அப்போது பார்த்தால் கர்ப்பப்பையில் சீழ் கட்ட ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார்.

முதல் வாரத்தில் தறி அடிக்கிற சத்தம் கேட்டாலே வெள்ளச்சி நடுங்கும். மூன்றாவது மாதம், தறி ஓடினால்தான் அதற்குத் தூக்கமே வரும். எடை 24 கிலோ ஆச்சு. ஏரிக்கரையில் பேரப்பிள்ளையோடு புல்லில் புரண்டதை ஊரே பார்த்தது. வேண்டாம் என்று சொன்ன மாமியார்தான் கடைசியில் அதற்குத் தலை வாரிவிட்டாங்க.

வீடு பார்த்தது

அனுப்புகிற நேரம் வந்தது. லாப்ரடார் என்று கேள்விப்பட்டதும் நிறையப் பேர் வந்தாங்க. வந்தவங்க கேட்ட முதல் கேள்வி, "குட்டி போடுமா?" ஆபரேஷன் ஆகிவிட்டது என்று சொன்னதும் பாதிப்பேர் திரும்பிப் போயிட்டாங்க. இதிலேயே நமக்கு வடிகட்டுகிற வேலை முடிஞ்சது. இன்னொருத்தர் தோப்புக் காவலுக்குச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கக் கேட்டார். முடியாது என்று சொன்னோம். கூண்டிலிருந்து எடுத்துச் சங்கிலியில் கட்டுவதற்கா இவ்வளவு பாடு?

கடைசியில் காஞ்சிபுரத்தில் ஓய்வு பெற்ற ஒரு ஆசிரியர் தம்பதி வந்தாங்க. நாங்க இரண்டு பேர் அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். காம்பவுண்டு இருக்கா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா, வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பாங்க, வருஷா வருஷம் தடுப்பூசி போடுவாங்களா என்று கேட்டோம். பெண் கொடுக்கிற மாதிரிதான் விசாரித்தோம். ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம்: விற்கக் கூடாது, வேண்டாம் என்றால் தெருவில் விடாமல் நம்மிடமே திருப்பித் தரணும், முதல் ஆறு மாதம் நாங்க வந்து பார்ப்போம். பணம் வாங்கவில்லை.

வண்டியில் ஏற்றும்போது அக்கா வெளியே வரவில்லை. சமையலறையில் நின்று அழுதாங்க. இப்படி ஒன்றை வளர்த்து அனுப்பும்போது மனசு கஷ்டப்படத்தான் செய்யும். ஆனால் அவங்க அனுப்பியதால்தான் அந்தத் தாழ்வாரம் அடுத்த ஒரு ஜீவனுக்குக் காலியாக இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

பலருக்கு, நாய்க்கெல்லாம் சட்டம் இருக்கா என்று தோணும். இருக்கு. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960. அது வந்ததற்கு ஒரு பெண் முக்கியக் காரணம் என்பது நமக்குப் பெருமை. மதுரையில் பிறந்து, சென்னையில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காக மசோதா கொண்டுவந்தாங்க. 1962-இல் விலங்குகள் நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவங்கதான். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி கைவிடுவது இந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். அன்றைக்கு எழுதிய தொகை.

நாய் இனப்பெருக்கத்துக்கு 2017-இல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. தொழிலாகச் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யணும். பெட்டை நாய்க்கு 18 மாதம் ஆகாமல் சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈத்துதான். ஆயுசுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "வருஷத்துக்கு ரெண்டு தடவை" என்று நம்ம உறுப்பினரிடம் யாரோ சொன்னாங்களே, அது சட்டப்படியே தப்பு.

தனியார் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீங்க. சென்னை சைதாப்பேட்டையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை மாதிரி நம்ம நாட்டு நாய் இனங்களைக் காப்பதற்காக அரசே 1980-களில் ஒரு இனப்பெருக்க மையம் தொடங்கியது. நல்ல நோக்கம். ஆனால் அங்கே நாய்கள் சரியான பராமரிப்பில் இல்லை என்று விலங்குகள் நல வாரியத்தின் ஆய்வில் குறை சொன்னாங்க. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2016 வாக்கில் அதை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நோக்கம் நல்லதாக இருந்தாலும் பராமரிப்பு இல்லை என்றால் ஜீவன்தான் கஷ்டப்படும்.

நம்ம மாவட்டத்துக் குன்றத்தூரில் 2016 ஜூலையில் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். படித்த இளைஞர் ஒருத்தர் மொட்டை மாடியிலிருந்து ஒரு நாயைத் தூக்கிப் போட்டார், இன்னொருத்தர் படம் எடுத்தார். அந்த நாய் செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தாங்க. தேடிப் போனவங்க அதை உயிரோடு கண்டுபிடித்தாங்க. எலும்பு முறிந்திருந்தது. வைத்தியம் பார்த்து, பத்ரா என்று பெயர் வைத்து, ஒரு நல்ல வீட்டில் சேர்த்தாங்க. படிப்பு இருந்து இரக்கம் இல்லாதவங்களும் இருக்காங்க. முன்பின் தெரியாத நாயைத் தேடிப் போனவங்களும் இருக்காங்க. நாம் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

நாய்க்கடி பற்றி ஒரு வார்த்தை

இரக்கம் வேணும், ஜாக்கிரதையும் வேணும். எந்த நாய் கடித்தாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீங்க. மந்திரிக்கப் போகாதீங்க. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. ஊசி இலவசம். சொன்ன தேதியில் எல்லா ஊசியும் போடணும், பாதியில் நிறுத்தக் கூடாது. வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. வீட்டு நாய்க்கு மூன்று மாத வயதில் தடுப்பூசி போட்டு, அப்புறம் வருஷா வருஷம் தவறாமல் போடுங்க. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம் நடக்கும். நம்ம பகுதி மருந்தகத்தில் விசாரித்து, கூட்டமைப்பு மூலம் எல்லாக் குழுவுக்கும் சொல்லி அனுப்புகிறோம்.

கடன் விஷயம்

இப்போ கேள்விக்கு வருகிறேன். நாய்க்குட்டி வியாபாரத்துக்குக் குழுக் கடன் தரலாமா?

கணக்காகவே பார்ப்போம். அந்தப் பண்ணை முதலாளி நம்மை விடப் பணக்காரர். ஒரே ஒரு நோய் வந்து தொழிலை மூடிட்டார். தடுப்பூசி, மருந்து, தீனி, பதிவு, ஆபரேஷன் செலவு எல்லாம் சட்டப்படி செய்தால், வருஷத்துக்கு ஒரு ஈத்தில் எவ்வளவு மிஞ்சும்? பக் மாதிரி தலை பெருத்த நாய்க்குப் பல நேரம் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டி எடுக்கணும். லாபம் எங்கே வருது என்றால், செலவைக் குறைத்து ஈத்தைக் கூட்டினால்தான் வருது. அதாவது, வெள்ளச்சி மாதிரி ஒரு தாயின் உடம்பிலிருந்துதான் வருது.

அன்றைக்குக் குழுவில் ஒரு அம்மா கேட்டாங்க: "ஆட்டை வளர்த்துக் கசாப்புக்குத்தானே விக்கிறோம், அது மட்டும் நியாயமா?" நல்ல கேள்வி. ஆடு மாடு நம்ம பிழைப்பு. ஆனால் நாம் ஆட்டை இருட்டில் அடைப்பதில்லை. ஏரி உள்வாயில் மேய விடுகிறோம். சினை ஆட்டுக்குத் தனியாகத் தழை ஒடித்துப் போடுகிறோம். எதை வளர்த்தாலும் அது இருக்கிற வரைக்கும் நன்றாக இருக்கணும், அதுதான் நியாயம். அப்படி வளர்த்தும் கட்டுப்படியாகிற தொழிலுக்குக் கடன் கொடுப்போம். ஜீவனை வதைத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிற தொழிலுக்குக் கொடுக்க வேண்டாம். இதுதான் என் கருத்து. முடிவு உங்களுடையது.

விண்ணப்பம் கொடுத்த அந்த உறுப்பினரை நாம் அப்படியே விட்டுவிடக் கூடாது. வேண்டாம் என்று சொல்வது சுலபம். அவங்க பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும். நாட்டுக்கோழி, கறவை மாடு, ஆடு இதில் எது அவங்களுக்கு ஒத்து வரும் என்று குழு உட்கார்ந்து பேசணும். வங்கிக்குப் போகணும் என்றால் நான் கூட வருகிறேன். அடுத்த கூட்டத்துக்குள் முடிக்கணும்.

கடைசியாக ஐந்து வேண்டுகோள். உங்க வீட்டு நாய்க்கு இந்த மாதமே தடுப்பூசி போடுங்க. குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை செய்யுங்க. பிறந்த குட்டிகளைக் கோணியில் கட்டிக் கண்மறைவாக விடாதீங்க. பிள்ளைகள் ஜாதி நாய் வேணும் என்று அடம் பிடித்தால், தெருவில் பிறந்த ஒரு குட்டியை எடுத்துக் கொடுங்க. நம்ம வெயிலுக்கும் நம்ம சோற்றுக்கும் ஏற்றது அதுதான். ஏற்கனவே யாரோ கைவிட்ட நாய் வந்தால் விரட்டாமல் குழுவில் சொல்லுங்க. எல்லோரும் வைத்துக்கொள்ள முடியாது. மூன்று மாதம் தாழ்வாரம் கொடுக்க ஒருத்தர், மருந்துக்குப் பத்து ரூபாய் கொடுக்க ஒருத்தர், நல்ல வீடு தேட ஒருத்தர் இருந்தால் போதும்.

தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவரைக் கும்பிடுகிறோம், வடைமாலை சாத்துகிறோம். அவர் பக்கத்தில் நிற்கிற வாகனத்தையும் கொஞ்சம் பாருங்க.